பல் ஏன் கூசுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே பாதிப் பேர் சொல்லிவிடுவது, "கூசுது டாக்டர்". அதற்குப் பின்னால் வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வாக்கிலேயே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் 1-ஐயும் 7-ஐயும் தாண்டிப் போக வேண்டாம்.

1. பல்லு கல்லு மாதிரி இருக்கு. அதுக்குப் போய் ஐஸ் தண்ணி எப்படி உறைக்குது?

வெளியே வெள்ளையாகத் தெரியும் பகுதிக்கு உறைக்காது. அது எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்புதான். நரம்பும் இல்லை, உயிரணுவும் இல்லை. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் வேறு சங்கதி. டென்டினின் வெளிப்பரப்பிலிருந்து பல்லின் நடுவே உள்ள பல்கூழ் (நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் மென்சதை) வரைக்கும் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன, ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம். ஒவ்வொன்றின் அகலமும் ஒன்றிரண்டு மைக்ரான் இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அளவு பிடிபடும். குழாய்க்குள் திரவம் நிற்கிறது. உள்முனையில் நரம்பின் நுனி.

எனாமலோ ஈறோ மூடியிருக்கும் வரை தொல்லை இல்லை. மூடி போய்விட்டால் குழாய்களின் வாய் திறந்துகொள்ளும். அப்போது குளிர் பட்டால் உள்ளே உள்ள திரவம் சட்டென்று நகரும். அந்த நகர்வு நரம்பு நுனியைச் சுண்டிவிடும். சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் சோதனை செய்து காட்டிய விளக்கம் இது. இன்றைக்கும் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் இதை வைத்துத்தான் யோசிக்கிறோம். காற்று பட்டால் ஏன் கூசுகிறது என்பதற்கும் இதே பதில்தான்: காற்று குழாயின் வாயை உலர்த்துகிறது, திரவம் வெளியே இழுபடுகிறது. ஜிலேபிப் பாகும் அப்படித்தான் இழுக்கும்.

2. சூடு எவ்வளவு வேணா தாங்குவேன். சில்லுனு பட்டாதான் உயிர் போகுது. ஏன்?

குளிர் பட்டால் குழாய்த் திரவம் வெளியே பாயும், சூடு பட்டால் உள்ளே போகும். நரம்பு வெளியே போகும் ஓட்டத்துக்குத்தான் அதிகம் துள்ளும். அதோடு வாயின் வெப்பம் 37 டிகிரிக்கு அருகில். ஐஸ் தண்ணீருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, நாம் குடிக்கிற காபிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரியது.

குளிருக்குக் கூசுவது சாதாரணம். சூட்டுக்கு வலிப்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கும். 8-ஐப் பாருங்கள்.

3. எனக்கு ஒரு சொத்தைகூட இல்லை. அப்படியும் கூசுதே?

சொத்தை இருந்தால்தான் கூசும் என்றில்லை. பெரும்பாலும் கூசும் இடம் பல்லின் கழுத்து, அதாவது ஈறும் பல்லும் சேரும் கோடு. எனாமல் கடைவாய்ப் பல்லின் மேட்டில் இரண்டரை மில்லிமீட்டர் வரை இருக்கும். கழுத்துக்கு வரும்போது மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். சுமார் பத்தில் ஒரு பல்லில் எனாமலும் வேரின் மேலுறையும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் டென்டின் பிறவியிலேயே திறந்து கிடக்கும். ஈறு மூடியிருப்பதால் தெரியாது. ஈறு கொஞ்சம் இறங்கியதும் கூச ஆரம்பிக்கும்.

கண்ணாடியே வேண்டாம், விரல் நகம் போதும். கோரைப் பல்லின் வெளிப்பக்கம் நகத்தை வைத்துப் பல்லின் நுனியிலிருந்து ஈறை நோக்கி மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஈறுக்குச் சற்று முன்னால் நகம் ஒரு பள்ளத்தில் விழுந்து தட்டினால், அதுதான் இடம். நகம் பட்டதுமே தோளைக் குலுக்குகிறவர்களும் உண்டு. கோரைப் பல்லும் அதை அடுத்த இரண்டு முன்கடைவாய்ப் பற்களும்தான் இதில் முதலில் மாட்டும்.

4. நான் ரெண்டு வேளையும் நல்லா அழுத்தித் தேய்க்கிறவன். எனக்கு எப்படி பல் தேயும்?

அழுத்தித் தேய்ப்பதால்தான். வலது கைக்காரர்களுக்கு இடது பக்கப் பல்லில் பள்ளம் அதிகமாக இருப்பதைப் பார்க்கிறோம். கை வீச்சின் பலம் அங்கேதான் முதலில் விழுகிறது. கடையில் 'ஹார்டு' என்று போட்ட பிரஷ்ஷைத் தேடி வாங்குகிறவர்கள் இங்கே நிறைய. வாங்காதீர்கள். 'சாஃப்ட்' போதும். பிரஷ்ஷை முஷ்டியால் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி இழுக்க வேண்டும். ரம்பம் போடுவதுபோல் குறுக்கே இழுக்கக் கூடாது. வாங்கி மூன்று மாதம் ஆவதற்கு முன்பே பிரஷ்ஷின் இழைகள் இரண்டு பக்கமும் விரிந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

செங்கல் பொடி, அடுப்புக் கரி, சாம்பல், கல்லுப்பு எல்லாவற்றுக்கும் இதேதான். "தாத்தா கரியில்தான் தேய்த்தார், கடைசி வரைக்கும் கரும்பு கடித்தார்" என்று சொல்வார்கள். தாத்தாவின் பல் தேயவில்லை என்று அர்த்தமில்லை. தேய்ந்தும் ஏன் கூசவில்லை என்பது 16-இல் இருக்கிறது.

5. மாங்காய் சீசன் வந்தா மட்டும் எல்லாப் பல்லும் கூசுது. அது ஏன்?

அமிலத்தை அளக்கும் எண் பி.எச்.; அது குறையக் குறைய அமிலம் அதிகம். வாயில் அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டின் அதற்கு முன்னாலேயே கரையும். எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் 2, 2.5 பக்கம் இருக்கின்றன. புளிப்பு மாங்காய், புளி, நெல்லிக்காய் எல்லாம் இந்தக் கூட்டம்தான். எச்சில் அமிலத்தைச் சமன்படுத்திவிடும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். உப்பு மிளகாய்த்தூளில் தொட்டு மணிக்கணக்கில் மாங்காய்க் கீற்றை மென்றுகொண்டே இருந்தால் எச்சில் எப்போது வேலை செய்யும்? ஒரே தடவையில் தின்று முடிப்பது பல்லுக்கு நல்லது.

தின்றவுடன் பல் தேய்க்காதீர்கள். அமிலம் பட்டு மிருதுவாகியிருக்கும் மேற்பரப்பை பிரஷ் சீவிவிடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். தயிரும் புளிப்புதானே என்பவர்களுக்கு: தயிரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைய இருப்பதால் அது எனாமலைக் கரைக்காது. தாராளமாகச் சாப்பிடுங்கள், கூசினால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று வைத்துவிட்டு.

6. கூச்சத்துக்குனு விளம்பரம் வர்ற பேஸ்ட் வாங்கினேன். ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணும் கேட்கலை.

ஒரு வாரம் போதாது. இந்தப் பேஸ்ட்டுகளில் இரண்டு வகை. பொட்டாசியம் நைட்ரேட் உள்ளவை நரம்பைச் சுற்றிப் பொட்டாசியத்தைச் சேர்த்து அதை மந்தமாக்குகின்றன. வழக்கமாக 5 சதவீதம் இருக்கும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஸ்டானஸ் ஃப்ளோரைடு, ஆர்ஜினின், ஸ்ட்ரான்ஷியம் போன்றவை உள்ளவை 1-இல் சொன்ன குழாய்களின் வாயை அடைக்கின்றன. இவை சிலருக்குச் சீக்கிரம் கேட்கும். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் எது என்று போட்டிருப்பார்கள். ஒரு வகை ஒரு மாதம் போட்டும் கேட்கவில்லை என்றால் மற்ற வகைக்கு மாறிப் பாருங்கள். ஒரே வகையில் கம்பெனி மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

தேய்த்த பிறகு நுரையைத் துப்புங்கள், ஆனால் தண்ணீர் ஊற்றி நாலைந்து முறை கொப்பளிக்காதீர்கள். மருந்தையும் சேர்த்துத்தான் துப்புகிறீர்கள். இரவில் கூசும் இடத்தில் விரலால் கொஞ்சம் தடவிவிட்டுத் தூங்கலாம். நின்றதும் பேஸ்ட்டை நிறுத்தினால் கூச்சம் திரும்பலாம். பள்ளம் ஆழமாக இருந்தால் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவோம், அல்லது பல் நிறத்திலேயே அடைப்போம்.

7. எது சும்மா கூச்சம், எது வந்து காட்ட வேண்டிய வலி?

எவ்வளவு வலித்தது என்று நான் கேட்பதில்லை. தண்ணீரை விழுங்கிய பிறகு வலி எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்பேன். சுரீர் என்று வந்து, தண்ணீர் போனதும் இரண்டு மூன்று நொடியில் தானும் போய்விட்டால் அது கூச்சம். பேஸ்ட்டை மாற்றிப் பார்க்கலாம், அவசரமில்லை. அரை நிமிடத்துக்கு மேல் விண்விண் என்று தங்கினால் உள்ளே பல்கூழ் வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பல்லுக்குப் பேஸ்ட் உதவாது.

அடுத்து, ஒரு பல்லா, பல பற்களா? பல பற்கள் ஒருசேரக் கூசினால் தேய்மானமோ அமிலமோ ஈறு இறக்கமோ இருக்கும். குறிப்பிட்ட ஒரே பல் என்றால் சொத்தை, விரிசல், கசியும் பழைய அடைப்பு என்று தேட வேண்டும். எதுவும் படாமல் தானாக வலிப்பது, ராத்திரி படுத்ததும் வலி கூடி எழுப்பிவிடுவது, முகம் வீங்குவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் வந்து காட்டுங்கள். வீக்கத்தோடு காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் பல் கிளினிக்கைத் தேடி அலையாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

8. எனக்குத் தலைகீழ். காபி குடிச்சா வலி, பச்சைத் தண்ணியை வாயில வெச்சா அடங்குது.

வாட்டர் பாட்டிலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, மடக்கு மடக்காகக் கன்னத்தில் அடக்கியபடி ஒருவர் உள்ளே வந்தால், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். பல்கூழ் மீள முடியாத அளவுக்குக் கெட்டுக்கொண்டிருக்கிறது. பல்லின் உட்புறம் கெட்டியான சுவர்களுக்குள் அடைபட்ட இடம்; வீக்கம் விரிய வழியில்லை. சூடு பட்டால் உள்ளே அழுத்தம் ஏறி வலி கூடும், குளிர் பட்டால் இறங்கும். இதை வலி என்றே சொல்லுங்கள், கூச்சம் என்று போனில் சொன்னால் அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போகும். வேர் சிகிச்சை, முடியாவிட்டால் பல்லை எடுப்பது, இரண்டில் ஒன்றுதான்.

9. போன மாசம் உயிர் போச்சு. இப்போ ஐஸ் வெச்சாலும் ஒண்ணும் தெரியலை. தானா சரியாயிடுச்சு தானே?

லேசான கூச்சமாக இருந்தால் தானாக அடங்கியிருக்கலாம். 7-இலும் 8-இலும் சொன்ன மாதிரி வலித்து, அப்புறம் திடீரென்று அமைதியானால் அது நல்ல செய்தி கிடையாது. நரம்பு செத்துப்போயிருக்கும். கிருமி அங்கேயேதான் இருக்கிறது. வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி, சில வாரமோ மாதமோ கழித்துச் சீழ்க்கட்டியாக வரும். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

10. பல் சுத்தம் பண்ணிக்கிட்ட பிறகுதான் கூச்சமே வந்துச்சு. மெஷின் போட்டு எனாமலைத் தேய்ச்சுட்டாங்க.

இந்தக் குற்றச்சாட்டைக் கேட்காத பல் டாக்டர் கிடையாது. அந்தக் கருவி தேய்ப்பதில்லை. நுனி வேகமாக அதிர்ந்து, பல்லில் படிந்து கெட்டியான காரையை உடைத்து உதிர்க்கிறது. காரை பல ஆண்டுகளாக வேரின் கழுத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அடியில் ஈறு ஏற்கெனவே இறங்கிவிட்டது. காரை போனதும் 3-இல் சொன்ன இடம் வெளியே வருகிறது. பல்லுக்கு நடுவில் சந்து விழுந்ததுபோல் தெரிவதும் இதனால்தான். கூச்சம் சில நாளில், அதிகம் போனால் ஓரிரு வாரத்தில் அடங்கும். சுத்தம் செய்வதற்கு இரண்டு வாரம் முன்பே கூச்சத்துக்கான பேஸ்ட்டை ஆரம்பித்துவிட்டால் தொல்லை குறையும். காரையை அப்படியே விட்டால் ஈறு இன்னும் இறங்கும்.

11. அடைச்ச பல்லு கூசுது. வேர் சிகிச்சை பண்ணின பல்லும் கூசுது. காசு வாங்கிட்டு என்னதான் பண்ணினாங்க?

இரண்டும் வேறு வேறு. சொத்தை ஆழமாக இருந்து அடைத்திருந்தால் பல்கூழ் கொஞ்ச நாள் கோபமாகத்தான் இருக்கும். வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைய வேண்டும். கூடினால் திரும்பப் போங்கள். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் அடைப்பு ஒரு மயிரிழை உயரமாக இருக்கிறது. தேய்த்துவிடுவது ஐந்து நிமிட வேலை. கூச்சமும் பெரும்பாலும் போய்விடும். பழைய வெள்ளி நிற அடைப்பு உலோகம் என்பதால் சூடும் குளிரும் அதன் வழியாக வேகமாக உள்ளே போகும்.

வேர் சிகிச்சை செய்த பல்லுக்குச் சூடு, குளிர் தெரிய வழியில்லை, பல்கூழையே எடுத்துவிட்டோம். அதனால் பெரும்பாலும் கூசுவது பக்கத்துப் பல்லாக இருக்கும். மூளை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுகிறது. அபூர்வமாக, விட்டுப்போன ஒரு வேர்க்கால்வாயில் நரம்பு மிச்சமிருக்கும். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர்தான், ஆனால் நான்காவதாக மெல்லிய கால்வாய் ஒன்று அடிக்கடி ஒளிந்திருக்கும்.

12. கிராம்புத் தைலம் வெச்சா கேட்குதே. அதையே வெச்சு ஓட்டலாமா?

கேட்கும்தான். அதில் உள்ள யூஜினால் மரத்துப்போகச் செய்யும். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, டென்டினை உருவாக்கும் செல்களில் குளிரை உணரும் டி.ஆர்.பி.சி.5 என்ற புரதம் இருப்பதைக் காட்டியது. யூஜினால் அந்தப் புரதத்தை மூடுகிறதாம். 1-இல் சொன்ன திரவக் கதையோடு இதுவும் சேர்ந்து வேலை செய்கிறது. பாட்டி வைத்தியத்துக்கு ஆய்வுக்கூடத்தில் ஆதரவு கிடைப்பது எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் தைலம் சொத்தையை அடைக்காது, பள்ளத்தை நிரப்பாது. நேராக ஊற்றினால் ஈறு வெந்துபோகும். டாக்டரிடம் போகும் வரை ஒரு ராத்திரிக்கு, பஞ்சு நுனியில் துளி தொட்டுப் பல்லில் மட்டும் வையுங்கள். ஆஸ்பிரின் மாத்திரையை நசுக்கி ஈறோரம் அடக்குவது, புகையிலை வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். மாத்திரை வைத்த இடத்தில் சதை வெள்ளையாக வெந்து உரிந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

13. ரெண்டு பிள்ளை பெத்ததுல பல்லுல இருந்த கால்சியமெல்லாம் போயிடுச்சுனு மாமியார் சொல்றாங்க.

பல்லிலிருந்து கால்சியத்தை உடம்பு திரும்ப எடுக்காது, குழந்தைக்கும் அனுப்பாது. கர்ப்ப காலத்தில் மசக்கை வாந்தியில் வரும் வயிற்று அமிலம் பல்லைக் கரைக்கும், ஹார்மோன் மாற்றத்தில் ஈறு வீங்கி ரத்தம் வரும், பசிக்குப் பசி ஏதாவது கொறிக்க வேண்டியிருக்கும். பிள்ளை பிறந்த பிறகு தன் பல்லைப் பார்க்க யாருக்கு நேரம்? எல்லாம் சேர்ந்துதான் கூச்சம். வாந்தி எடுத்ததும் பல் தேய்க்காமல், ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை சமையல் சோடா கலந்து கொப்பளியுங்கள். நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு உள்ள ஆண்களுக்கும் இது பொருந்தும்.

14. எங்க ஊர் போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், பல்லெல்லாம் பழுப்பு. நான் போய் ஃப்ளோரைடு பேஸ்ட் போடலாமா?

எங்கள் மாவட்டத்துக்கே உரிய கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறைகளிலிருந்தே ஃப்ளோரைடு நிலத்தடி நீருக்கு வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஜப்பான் நிதியுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது இதற்காகத்தான். பல்லில் கறை விழுவது எனாமல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள். வளர்ந்தவரின் பல்லை இப்போது குடிக்கும் தண்ணீர் பழுப்பாக்காது. பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறீர்கள், விழுங்குவதில்லை. அதனால் போடலாம், கூச்சத்துக்கு நல்லதும்கூட. குழந்தைகளுக்கு அளவு முக்கியம்: மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, அதுவும் பெரியவர் பக்கத்தில் நின்று துப்ப வைத்து.

வெறும் வெள்ளைக் கோடும் லேசான பழுப்பும் இருந்தால் அவை கூசாது. எனாமலில் குழி விழுந்து, சில்லு சில்லாக உதிரும் அளவுக்குப் போனவர்களுக்குத்தான் அடியில் டென்டின் தெரிந்து கூசும். அவர்களுக்குப் பூச்சு அல்லது தொப்பி போட வேண்டிவரும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வெளுக்கும் மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மருந்தே கூச வைக்கும், பந்தியில் ஐஸ்கிரீமைத் தொட முடியாது.

15. கடிக்கும்போது இல்லை, கடிச்சதை விடும்போது சுரீர்னு இழுக்குது. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைங்கறாங்க.

விரிசலாக இருக்கலாம். கடிக்கும்போது விரிசலின் இரு பக்கமும் விலகும், விடும்போது சேரும். அந்த நொடியில் திரவம் நகரும். குளிருக்கும் கூசும். மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. கொட்டைப்பாக்கைக் கடிப்பது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது எல்லாம் காரணங்கள். எந்தப் பல், எந்த முனை என்று குறித்துக்கொண்டு வாருங்கள், ஒவ்வொரு முனையாகக் கடிக்க வைத்துப் பார்ப்போம்.

மேல் வரிசையில் கடைவாய்ப் பற்கள் எல்லாம் ஒன்றாக, அதுவும் சளி பிடித்திருக்கும்போது, குனிந்தால் கூடுகிற மாதிரி வலித்தால் அது வேறு. அந்த வேர்களுக்கு மேலேயே சைனஸ் அறை இருக்கிறது. சளி தீர்ந்தால் பல்லும் தீரும்.

16. அம்மாவுக்கு எழுபது வயசு. பல்லு பாதி தேஞ்சு போச்சு, ஐஸ்கிரீம் கடிச்சுத் திங்கறாங்க. முப்பத்தஞ்சுல எனக்குக் கூசுதே, இது என்ன நியாயம்?

கூச்சம் அதிகம் இருப்பது இருபதிலிருந்து நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்குள்தான். வயதாக ஆக பல் உள்பக்கமாக டென்டினைக் கட்டிக்கொண்டே போகும். பல்கூழ் அறை சுருங்கும், பழைய குழாய்கள் தாது படிந்து அடைபடும். மெதுவாகத் தேயும் பல்லுக்கு இந்த வேலைக்கு அவகாசம் கிடைக்கிறது. உங்கள் பல் அதைவிட வேகமாகத் தேய்கிறது என்றுதான் அர்த்தம். பிரஷ்ஷையும் எலுமிச்சை ஜூஸையும் விசாரியுங்கள்.

17. இவ்வளவு தொல்லைக்குக் கூசற பல்லைப் பிடுங்கிப் போட்டா என்ன?

வெறும் கூச்சத்துக்காக நான் பல்லை எடுப்பதில்லை. எடுத்தால் பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாயும். எதிர்வரிசைப் பல் கடிக்க ஆளில்லாமல் கீழே இறங்கும் அல்லது மேலே ஏறும். இறங்கும்போது அதன் கழுத்து ஈறுக்கு வெளியே வரும். அப்புறம் அது கூச ஆரம்பிக்கும், நீங்கள் 3-ஆம் கேள்வியோடு திரும்ப வருவீர்கள்.